புகழேந்திக்குத் தைத்த அங்கி

இரண்டு கைகள் வெள்ளைத் துணியின் அடி ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தன. முதல் மடிப்பு ஒரு விரல் அகலம். அதன் மேல் இரண்டாவது மடிப்பு மூன்று விரல் அகலம். மடித்த இடத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்து, சாணுக்கு ஒரு கோடாகத் தையல் சாக்பீஸால் குறித்து, கோட்டின் இருபுறமும் தையல் போட்டால் ஒரு சின்னப் பை கிடைக்கும். ஒரு வேர்க்கடலை உள்ளே போகும் அளவு. அப்படிப் பதினாறு பைகள். குண்டு போட்ட பிறகுதான் பையின் வாயைத் தைத்து மூட வேண்டும்.

குண்டுகள் மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் இருந்தன. வீச்சு வலையின் ஓரத்தில் மீன்காரர்கள் கோக்கும் ஈயக்குண்டுகள். ஈயம் வெள்ளைத் துணியில் சாம்பல் கறை விடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் துணி சுற்றி நூல் கட்டியிருந்தது. கைகள் பதினாறாவது பையையும் தைத்து முடித்தன. பிசிறு நூலை வெட்டின. அங்கியை உதறின. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பார்த்து எடுத்தன. டம்ளர் பக்கம் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. சுவரில் மாட்டியிருந்த சபை அறிக்கைத் தாளில் அன்றைய அஸ்தமனம் 6.18 என்று அச்சாகியிருந்தது. சூரியன் மறைந்துவிட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் மாலை வரை அந்தக் கைகள் ஊசியைத் தொடாது. நாற்பத்தொன்பது வருடங்களில் ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

தைத்தவர் பெயர் திரௌபதி. வயது அறுபத்தேழு. வேலூர் சாலையில், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொள்ளும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களின் கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே, ஒரு வரிசை வீட்டில் கணவர் ஆதிமூலத்துடன் இருக்கிறார். தையல் மிஷினில் உட்கார்ந்தால் கல்லூரி கேட் தெரியும். அதற்காகவே அந்த வீட்டைப் பிடித்தார்.

கல்லூரிக்குள் இருக்கும் சபையில் ஞானஸ்நானம் எடுப்பவர்களைத் தொட்டியில் முழுவதுமாக முக்கி எடுப்பார்கள். எல்லோரும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு படியிறங்குவார்கள். அங்கி கனமாக இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று பிடித்துக் குடை மாதிரி மேலே வந்துவிடும். இதைத் திரௌபதி தெரிந்துகொண்ட விதம் நல்ல விதம் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, கல்லூரித் தையல் கூடத்தில் தினம் இரண்டு மணி நேரம் வேலை செய்தபடி படித்த காலத்தில், எழுபத்தாறாம் வருடம், அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. பேரை எஸ்தர் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். "எங்கப்பா வெச்ச பேரு, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மூன்றாவது படியில் அங்கி இடுப்புக்கு வந்தது. ஆண்கள் பக்கத்து பெஞ்சுகள் சிரித்தன. சிரித்தவர்களில் ஆதிமூலமும் ஒருவர். கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத்தான் அதை ஒப்புக்கொண்டார்.

அந்த வாரமே திரௌபதி சோதனையைத் தொடங்கினார். கூழாங்கல் வைத்துப் பார்த்தார், துணியைக் கிழித்தது. காசு வைத்துப் பார்த்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாத்தனூர் அணைக்குச் சுற்றுலா போனபோது வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் ஈயக்குண்டைப் பார்த்தார். பிறகு, சிறுவர்களுக்கு ஆறு, பெரியவர்களுக்குப் பன்னிரண்டு, சாணுக்கு ஒன்று என்று கணக்குப் படிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பின் அந்தத் தொட்டியில் ஒரு அங்கியும் மிதக்கவில்லை.

ஆதிமூலம் கல்லூரி பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதன் பொறுப்பாளர் ஆனார். எண்பத்திரண்டில் அதே சபையில் கல்யாணம். வளாகத்திலேயே குவார்ட்டர்ஸ். மகள் மதிவதனி பிறந்ததும் அங்கேதான்.

தொண்ணூற்று மூன்றில், ஐப்பசிப் பௌர்ணமி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கிராமத்திலிருந்து கிரிவலம் வந்த ஆதிமூலத்தின் அப்பா அடி அண்ணாமலையில் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஊர்க்காரர் ஒருவர் பேக்கரிக்கு ஓடி வந்து சொன்னார். ஆதிமூலம் போனார். அப்பாவுக்கு உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். கூட்டத்தில் வண்டி எதுவும் வராது. தன் செருப்பைக் கழற்றி அப்பாவுக்கு மாட்டி, தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி வந்தார். நடக்கத் தொடங்குமுன் அப்பா மடியிலிருந்த விபூதியை எடுத்து மகன் நெற்றியில் பூசினார். மயங்கி எழுந்த மனிதரின் கையைத் தட்டிவிட ஆதிமூலத்துக்கு மனம் வரவில்லை.

காஞ்சி சாலையிலிருந்து வந்த கல்லூரி ஜீப் கூட்டத்தில் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் கல்லூரி அலுவலகக் கணக்கரும் சபையின் மூப்பருமான புகழேந்தி.

பத்து நாள் கழித்துச் சபைக் குழு கூடியது. ஆதிமூலத்திடம் மூன்று கேள்வி. மாலை கிரிவலப் பாதையில் நடந்தீரா? நடந்தேன். வெறுங்காலிலா? ஆமாம். நெற்றியில் விபூதி இருந்ததா? இருந்தது, அப்பா பூசினார். அப்பா விழுந்ததையும் செருப்பையும் சொன்னார். அப்போது புகழேந்தியைப் பார்த்து, "அங்கே உம்மிடம் இதைச் சொன்னாரா?" என்று கேட்டார்கள். "ஒன்றும் பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்" என்று புகழேந்தி சொன்னார். குழுவின் பதிவில் தன் கையால் எழுதினார்: அஸ்தமனம் 5.47, பார்த்தது 6.35, ஓய்வுநாள் தொடங்கி நாற்பத்தெட்டு நிமிடம். சபைப் பட்டியலிலிருந்து ஆதிமூலத்தின் பெயர் அடிக்கப்பட்டது. சபையில் இல்லாதவர் பேக்கரிப் பொறுப்பில் இருக்க முடியாது. குவார்ட்டர்ஸிலும் இருக்க முடியாது. அடுத்த மாதம் அந்த இடத்துக்குப் புகழேந்தியின் மச்சினன் வந்தான்.

திரும்பச் சேர வழி இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டு மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால் போதும். ஆதிமூலம் மாட்டேன் என்றார். "ஒருவாட்டி முங்கினேன். அது செல்லாதுன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க அடிச்சத அவங்களே திருத்தட்டும்." முப்பத்தோரு வருடமாக அதே பதில்தான்.

வேறு சபைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொரு ஓய்வுநாளும் சாலையைக் கடந்து, கேட்டுக்குள் நுழைந்து, இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆதிமூலத்துக்குப் பாட்டும் பாடமும் வேண்டியிருந்தன. திரௌபதிக்கு வேறொன்றும் வேண்டியிருந்தது. "நாம போகலன்னா அந்தப் புகழேந்திக்கு முதுகு லேசாயிடும்" என்பார். "பின்னாடி நாம இருக்கோம்னு தெரியணும்." வாரநாட்களில் ஆதிமூலம் ரமணாசிரமம் பக்கத்துக் கஃபே ஒன்றுக்குக் கோதுமை ரொட்டி சுட்டார். வெள்ளைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். மச்சினன் கையில் கல்லூரி பேக்கரியின் ரொட்டி மூன்றே வருடத்தில் கல்லானது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று திரௌபதி பாயசம் வைத்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் இராப்போஜன ஆராதனை நடக்கும். அதற்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும், பெண்களுக்குப் பெண்கள். மனஸ்தாபம் உள்ளவரின் காலைக் கழுவுவது சிறப்பு என்று சொல்லுவார்கள். திரௌபதி தண்ணீர் பேசினை எடுத்துக்கொண்டு நேராகப் புகழேந்தியின் மனைவியிடம் போவார். முட்டி போட்டு, விரல் இடுக்கு விடாமல், ஒரு வார்த்தை பேசாமல், மற்றவர்கள் முடித்து எழுந்த பிறகும் கழுவிக்கொண்டிருப்பார். துண்டால் துடைத்து நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். இரண்டு வருடம் அந்த அம்மாள் தாக்குப்பிடித்தார். அப்புறம் இராப்போஜனத்தன்று மட்டும் அவருக்குத் தலைவலி வந்தது.

புகழேந்தி பிறகு சென்னைக்குப் போய் மனை வியாபாரம் தொடங்கினார். பத்திரப் பதிவு, பார்ட்டி என்று சனிக்கிழமையும் வேலை நடந்தது. சபைக்கு வருவது நின்றது. சில வருடத்தில் அவர் பெயரும் பட்டியலிலிருந்து போனது. மனைவி இறந்தார். நெஞ்சில் ஒரு ஆபரேஷன் நடந்தது. போன மாதம், புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் அருண்பிரசாத், பழைய கதை எதுவும் தெரியாமல் திரௌபதியிடம் வந்தார்.

"அம்மா, பழைய மாணவர்கள் கூடுற ஓய்வுநாள்ல ஒருத்தர் சபையில திரும்பச் சேர்றாரு. பெரிய ஆளு. நம்மகிட்ட இருக்கிற அங்கி எதுவும் பத்தாது. புதுசா ஒண்ணு தைக்கணும்."

"யாரு பாஸ்டர்?"

பெயரைச் சொன்னார். திரௌபதி அளவு நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"அளவு குடுக்க அவரே வரணும்" என்றார்.

இந்த வாரப் புதன்கிழமை புகழேந்தி வந்தார். அன்றைக்கும் பௌர்ணமி. படியேறும்போதே மூச்சு வாங்கியது.

"கிரிவலக் கூட்டம், வண்டிய ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்கம்மா. ரெண்டு கிலோமீட்டர் நடந்து வரேன்."

"செருப்பு போட்டுக்கிட்டுத்தானே நடந்தீங்க" என்றார் திரௌபதி. "கைய தூக்குங்க சார்."

டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். ஆதிமூலம் கஃபேக்குப் போயிருந்தார்.

"ஒடம்பு ரொம்ப தடிச்சிடுச்சு."

"துணி இருக்கு. மூச்ச விடுங்க, வயித்த அளக்கணும்."

"நான் வந்தது அளவுக்கு மட்டும் இல்ல, திரௌபதிம்மா."

"தெரியும். ஆடாம நில்லுங்க."

புகழேந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கி ஆதிமூலம் எங்கிட்ட சொன்னாரு. அப்பா விழுந்துட்டாரு, செருப்ப அவருக்குப் போட்டுட்டேன்னு. கால காட்டினாரு. மெதுவா கூட்டிட்டுப் போப்பான்னு நான்தான் சொன்னேன்."

டேப் நின்றது. முப்பத்தோரு வருடமாகக் கணவர் வாயிலிருந்து மட்டுமே கேட்ட வார்த்தை. இந்த வாயிலிருந்து இப்போதுதான் முதல் முறை.

"அப்புறம் ஏன் பேசலன்னு சொன்னீங்க?"

"மச்சினன் சும்மா உட்காந்திருந்தான். வீட்ல அவ தினமும் அதே பேச்சு..."

"அவங்கள இழுக்காதீங்க. போய்ட்டாங்க. அவங்க கால் எனக்கு நல்லா தெரியும்."

"மன்னிச்சிடுங்கம்மா."

"வயிறு நாப்பத்தாறு" என்று சொல்லி திரௌபதி நோட்டில் எழுதினார். பிறகு டேப்பைச் சுருட்டினார். "எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. தெரியாதவங்க அங்க நானூறு பேர் இருக்காங்க."

"தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி சாட்சி சொல்ல பாஸ்டர் மூணு நிமிஷம்தான் குடுத்திருக்காரு."

"ஜாஸ்தி. இதுக்கு ஒரு நிமிஷம் போதும்."

"மச்சினன் மொத வரிசையில உட்காருவான்மா."

"ரொம்ப நல்லது. அவனுக்கும் காது கேக்கும்."

மேசையிலிருந்த டம்ளரை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் ஒரு குண்டைப் போட்டார். "உங்க ஒடம்புக்குப் பதினாறு வேணும். இல்லன்னா மொதல்ல முட்டிக்கு வரும், அப்புறம் நெஞ்சுக்கு வரும். பாஸ்டர் ஒரு கையால உங்க மூக்கப் பிடிச்சிருப்பாரு, ஒரு கை முதுகுல இருக்கும். அங்கியப் பிடிக்க யாருக்கும் கை மிஞ்சாது."

புகழேந்தி குண்டைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார். திரௌபதி சிரிக்கவில்லை.

"அவர் என்ன சொன்னாரு, நீங்க என்ன சொன்னீங்க, குழுவுல என்ன சொன்னீங்க. மூணையும் உங்க கையால எழுதணும். ரெண்டு காப்பி. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு நீங்க தொட்டிக்கிட்ட நின்னு படிக்கிறதுக்கு. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்தா குண்டு ஏறும்."

"கொண்டாரலன்னா?"

"அங்கி ரெடியா இருக்கும். பைய மட்டும் மூட மாட்டேன்."

அதற்காகத்தான் இந்த வெள்ளிக்கிழமை மேசையில் டம்ளர் இருந்தது. நாலு மணிக்கு இஸ்திரி முடிந்தது. பதினாறு பையை மூட இருபது நிமிடம் போதும் என்று திரௌபதிக்குத் தெரியும். ஊசியில் நூல் கோத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆதிமூலம் குளித்து, மறுநாளைக்கான வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். வயது எழுபது.

"போட்டுடு" என்றார்.

"எத?"

"குண்ட. அவன் வந்தாலும் வரலன்னாலும்."

"உங்களுக்குக் கோவமே இல்லயா?"

ஆதிமூலம் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "இல்லாமதான் முப்பத்தோரு வருஷம் தண்ணில எறங்காம உட்காந்திருந்தேனா? கோவம் இருக்கு. ஆனா அது அவங்க எழுதின எழுத்து மேல. அவன் துணி மேல இல்ல."

"நீங்க எழுத்தப் பாத்துக்கோங்க. துணிய நான் பாத்துக்கறேன்."

ஐந்தேமுக்காலுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் குளித்த தலையோடு மாலை ஆராதனைக்குப் போகத் தொடங்கினார்கள். கேட்டுக்குச் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. ஆறு மணிக்கும் அங்கேயே நின்றது. திரௌபதி அதைப் பார்த்தார். எழுந்து போய்க் கூப்பிடவில்லை. அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று அவருக்குச் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கதவு திறக்கக் கூடாது என்று தான் நினைப்பதை அவர் கவனித்தார். கடிதம் வேண்டும். ஆனால் இன்னும் கொஞ்சம் தாமதமாக வேண்டும்.

ஆறு பதினெட்டுக்கு மணி அடித்தது. திரௌபதி தலைப்பிலிருந்த ஊசியை எடுத்து, நூலை உருவி, ஊசிக் குஷனில் குத்தினார். மிஷினுக்கு உறை போட்டார். ஆதிமூலம் ஒரு பாட்டைத் தொடங்கினார். அவரும் சேர்ந்துகொண்டார். இருவரும் தலை குனிந்து ஜெபித்தார்கள்.

ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது வாசலில் புகழேந்தி நின்றிருந்தார். கையில் ஒரு கவர்.

"அஞ்சரைக்கே வந்துட்டேம்மா. எறங்க கால் வரல."

திரௌபதி கவரை வாங்கினார். நான்கு தாள், இரண்டு இரண்டாக ஊசி குத்தியிருந்தது. அவசரப்படாமல், வரி வரியாகப் படித்தார். மூன்றும் இருந்தன. ஆதிமூலம் சொன்னதும், புகழேந்தி சொன்னதும், குழுவில் சொன்ன பொய்யும். மச்சினன் வேலைக்காகச் சொன்னது என்பதும் இருந்தது. கீழே கையெழுத்து. தொண்ணூற்று மூன்றாம் வருடப் பதிவில் இருந்த அதே சாய்ந்த எழுத்து. ஒரு காப்பியை ஆதிமூலத்திடம் கொடுத்தார். ஆதிமூலம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நாளைக்கி இத படிப்பீங்களா?" என்று கேட்டார்.

"பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். இன்னொரு காப்பி சபைக் குழுவுக்கும் அனுப்பிட்டேன். பதிவ திருத்தறதா சொன்னாரு." புகழேந்தியின் கண் மேசையிலிருந்த டம்ளருக்குப் போனது. "குண்டு, அம்மா..."

திரௌபதி சுவரிலிருந்த அறிக்கைத் தாளைக் காட்டினார். "அஸ்தமனம் ஆறு பதினெட்டு. இப்ப ஆறு இருபத்தாறு."

"எட்டு நிமிஷம்தானேம்மா."

"நிமிஷம் எண்ணக் கத்துக்குடுத்தது நீங்கதான் சார்."

"ஓய்வுநாள்ல நல்லது செய்யலாம்னு நாமதானே சொல்லுவோம்."

"சொல்லுவோம். எங்க மாமனார் கொப்புளக் காலோட நின்னப்பவும் அது நல்ல பேச்சாத்தான் இருந்திருக்கும். யாரும் சொல்லல."

புகழேந்தி ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம் மனைவியைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குப் பழக்கம்.

"எறங்கும்போது முட்டி ரெண்டையும் ஒட்டி வெச்சி துணிய இறுக்கிக்கோங்க" என்றார் ஆதிமூலம். "கொஞ்சம் தாங்கும்."

"தாங்காது" என்றார் திரௌபதி.

அங்கியை எடுத்தார். தோள் மடிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். கழுத்துப் பட்டன் மூன்றும் நேராக இருந்தன. தையல் ஓரிடத்திலும் சுருங்கவில்லை. நாலாக மடித்து, அடி ஓரம் மேலே வரும்படி இரண்டு கையாலும் நீட்டினார். புகழேந்தி இரண்டு கையாலும் வாங்கினார். இவ்வளவு பெரிய அங்கிக்கு அது மிக லேசாக இருந்தது. அவர் கட்டைவிரல் ஓரத்தோடு நகர்ந்து, வாய் திறந்திருந்த முதல் பைக்குள் நுழைந்து வெளியே வந்தது. பிறகு இரண்டாவது பை. பிறகு மூன்றாவது.